வாளி மேஸ்திரியும் அரை மூட்டை சிமெண்டும்

கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த வீட்டுக் காரியத்துக்கும் கையில் வாளியோடு போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அரியலூரில் எங்கள் சந்தில் குடியிருந்தார். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போவார், பல் செட்டை மறந்துவிட்டுப் போவார், ஒரு தடவை, கூடவே வந்த சம்சாரத்தையே பஸ் ஸ்டாண்டில் மறந்துவிட்டுப் போனார். வாளியை மட்டும் மறந்ததில்லை. நீல நிற பிளாஸ்டிக் வாளி. கைப்பிடி போய், கம்பி போட்டு, அந்தக் கம்பியும் போய் வேறு கம்பி போட்டது. மொபெட்டில் அது தடதடவென்று ஆடிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே புதுத்தரை போட்டவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். சந்து முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் அவருடைய ஆதார் அட்டையை எத்தனையோ தடவை நகல் எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பெயரைப் படித்த நினைவில்லை. போட்டோவைப் பார்த்ததும் கை தானாகக் கவர் மேல் 'வாளி மேஸ்திரி' என்று எழுதிவிடும்.

தொழில் தரை போடுவது. போட்ட தரை சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அவர் முடிவு செய்ய மாட்டார். ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவார். ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். ஒரு விரலை உயர்த்துவார். அந்த விரல் இறங்குகிறவரை யாரும் பேசக் கூடாது, நடக்கக் கூடாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே படுத்தே விடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தான் போட்ட தரையோடு நிறுத்தியிருந்தால் அவரை நல்ல வேலைக்காரர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். அடுத்தவர் போட்ட தரையிலும் ஊற்றுவார், அதுதான் தொந்தரவு.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு புதுமனை புகுவிழா. ஹாலில் கண்ணாடி மாதிரி டைல்ஸ். ஐயர் ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். வாளி மேஸ்திரி உள்ளே வந்தார், கும்பிட்டார், வாசல் நிலைப்படியில் நின்றபடியே ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் யாரையும் கேட்காமல் நேராகப் பூஜை அறைக்குப் போய்ச் சாமி படங்களுக்கு அடியில் நின்றது. வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்களா? வாசலுக்கு வர வேண்டிய தண்ணி சாமியாண்ட போவுது. நாளைக்கு வூடு கழுவுனா என்னா பண்ணுவீங்க?" என்றார் மேஸ்திரி.

"யோவ், ஹோம குண்டத்துல ஊத்தாம வுட்டியே, அது வரைக்கும் சந்தோசம்" என்றார் வீட்டுக்காரர். ஆறு மாதம் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஏழாவது மாதம் அதே வீட்டுக்காரர் என் கடை வாசலில் வந்து நின்று, மேஸ்திரி எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்று மெதுவாக விசாரித்தார்.

சந்தே வேன் பிடித்து கங்கைகொண்ட சோழபுரம் போனபோதும் இதே கதைதான். நாங்கள் எல்லோரும் கழுத்து வலிக்கக் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் மட்டும் குனிந்துகொண்டு பிராகாரத்துக் கல்தரையைப் பார்த்தபடி சுற்றினார். எங்கிருந்தோ விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால் காவலாளி ஒருவர் ஓடி வருகிறார். இவர் ஒரு விரலை உயர்த்தியபடி உட்கார்ந்திருக்கிறார். "சத்தம் போடாதய்யா, ஓடுது பாரு! எம்மாம் வருசம் ஆச்சு, இன்னும் எப்படி ஓடுது பாரு!" என்கிறார். கண்ணில் தண்ணீர். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. வேனில் அவருக்குப் பக்கத்தில் உட்கார வெட்கமாகவும் இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. அதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

அரியலூர்க்காரர்களுக்குச் சிமெண்ட் பைத்தியம். நானும் அரியலூர்க்காரிதான், அதனால் சொல்லலாம். எங்கள் ஊரில் எந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் அரை மூட்டை சிமெண்ட் வாய் கட்டி வைத்திருக்கும். எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டுமே" என்பார்கள். முருங்கை மரத்தைச் சுற்றி, அடிபம்பைச் சுற்றி, துளசி மாடத்தைச் சுற்றி, எங்கே கொஞ்சம் மண் கண்ணில் பட்டாலும் எங்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் சந்தும் அப்படித்தான். பழைய கான்கிரீட் மேல் புதுக் கான்கிரீட், அதன் மேல் அதைவிடப் புதுக் கான்கிரீட் என்று போட்டுப் போட்டுச் சந்து உயர்ந்துகொண்டே போனது. வீடுகள் அப்படியே இருந்தன.

சந்தின் கடைசித் தாழ்வில் ஜெயக்கொடி அக்கா வீடு. அக்கா கல்யாணமாகி வந்தபோது மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போவாராம். நான் கடை வைத்தபோது ஒரு படி இருந்தது. அப்புறம் சந்திலிருந்து ஒரு படி இறங்கித்தான் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆனது. மழை பெய்தால் இருபத்திரண்டு வீட்டு மாடித் தண்ணீரும் அந்த ஒரு வாசலைத்தான் தேடிப் போகும்.

உள்ளே கட்டிலில் அக்காவின் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் படுத்திருப்பார். லாரி டிரைவர். லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. பிசியோதெரபி செய்கிற பெண் வாரத்துக்கு மூன்று நாள் வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவாள். வலது கால் கட்டைவிரல் லேசாக அசைய ஆரம்பித்திருந்தது. சந்தே அந்தக் கட்டைவிரலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் அடித்த மழையில் தண்ணீர் அக்கா வீட்டுக்குள் புகுந்து கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. நாலு பேர் கட்டிலோடு அண்ணனைத் தூக்கினார்கள். கட்டிலின் முன்பக்க இடது காலைப் பிடித்தவர் வாளி மேஸ்திரி. தலைக்கு மேல் கட்டில், கட்டிலுக்கு மேல் தார்ப்பாய், முழங்கால் தண்ணீரில் சந்து நெடுக ஊர்வலம்.

"சாமி பொறப்பாடு மாதிரியே இருக்குய்யா. யாராச்சும் சூடம் காட்டுங்கய்யா" என்றார் சேகர் அண்ணன் மேலேயிருந்து.

எல்லோரும் சிரித்தோம். ஜெயக்கொடி அக்கா சிரிக்கவில்லை.

"இன்னொருக்கா இந்தத் தண்ணி என் வூட்டுக்குள்ள வந்துச்சுன்னா, இவரக் கூட்டிக்கிட்டு மீன்சுருட்டிக்கே போயிடுவேன். எங்க அண்ணன் வூட்டுல ஒரு மூல இல்லாமயா போவும்?" என்றார்.

மீன்சுருட்டிக்குப் போனால் அந்தப் பிசியோதெரபிப் பெண் அவ்வளவு தூரம் வர மாட்டாள். கட்டைவிரல் அதோடு நின்றுவிடும். அது எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி மட்டும் மறுநாள் காலை சந்து முனையில் நின்று ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். அது அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கிறவரை பார்த்தார். திரும்பி என்னிடம், "அதுக்குப் போறதுக்கு வேற எடமே நாம வைக்கல. தப்பு அதும்மேல இல்ல" என்றார்.

அடுத்த வருடம் நகராட்சிக்கு ஒரு பெண் என்ஜினீயர் வந்தார். சின்ன வயது. தண்ணீரை உறிஞ்சிக் கீழே விடுகிற மாதிரி கல் பதித்து ஒரே ஒரு சந்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று மேலே அனுமதி வாங்கியிருந்தார். எந்தச் சந்து என்று அலைந்துகொண்டிருந்தவர் எங்கள் மேஸ்திரி கையில் மாட்டினார், அல்லது மேஸ்திரி அவர் கையில் மாட்டினார். இருவரும் சந்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றித் தண்ணீர் ஊற்றியதை நான் கடையிலிருந்து பார்த்தேன். ஊருக்கு ஒரு பைத்தியம் போதாதா என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. பழைய கான்கிரீட்டை உடைத்து அள்ளி, இடுப்பளவு தோண்டி, அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பட்டாணி அளவு சிப்ஸ் ஜல்லி. அதன் மேல்தான் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் இடுக்கு. அந்த இடுக்கிலும் சிப்ஸ் ஜல்லிதான். மருந்துக்குக்கூடச் சிமெண்ட் கிடையாது.

சிமெண்ட் இல்லாமல் ஒரு சந்து போடுவதை அரியலூரில் யார் பொறுத்துக்கொள்வார்கள்? சிமெண்ட் மில்லில் மூட்டை பிடித்து ரிட்டையர் ஆன சண்முகம் அண்ணன்தான் எங்கள் சந்து சங்கத்துக்குத் தலைவர். தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து நிற்பார்.

"மேஸ்திரி, சிமெண்ட்டு எப்ப வரும்?"

"வராது."

"லேட்டாவுமா?"

"வரவே வராதுங்குறேன்."

"சரி சரி, வந்ததும் சொல்லுங்க. ஆள் அனுப்புறேன்."

எங்களுக்கு ஒழுங்காக விளக்கிச் சொல்லியிருக்கலாம். மேஸ்திரி தண்ணீரோடு பேசுவார், மனிதர்களிடம் பேசத் தெரியாது. வேலை முடிந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி பேரனுக்குக் காதுகுத்து என்று கங்கைகொண்ட சோழபுரம் கிளம்பினார், வாளியோடுதான். கிளம்பும்போது என் கடை முன்னால் மொபெட்டை நிறுத்தி, "யாரும் எதையும் தொடாதீங்க" என்றார். இதை அவர் எல்லா வேலையிலும் சொல்வார் என்பதால் நான் தலையை நிமிர்த்தாமலே சரி என்றேன். மொபெட்டைப் பஸ் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ஜெயங்கொண்டம் பஸ் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை என்ஜினீயர் அம்மாவும் அவருக்கு மேலே உள்ள பெரிய அதிகாரியும் சந்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெரியவருக்கு இந்த வேலையில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சரிப்படவில்லை என்றால் மேலே கான்கிரீட்டைப் போட்டு மூடிவிடச் சொல்லியிருந்தார். மூடினால் சந்து இன்னும் அரை அடி ஏறும். அக்கா வீடு இன்னும் அரை அடி இறங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் சண்முகம் அண்ணன் சந்து ஜனத்தைக் கூட்டினார்.

"மேஸ்திரிக்கு வயசாயிட்டுது. பாவம், வேலைய முடிக்காமயே போயிட்டாரு. இடுக்கெல்லாம் தொறந்து கெடக்குது. பெரிய ஆபீசர் வந்து பாத்தா மனுசன் மானம் என்னாவறது? நாம சும்மா இருக்கலாமா?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அன்று அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கல் இடுக்கில் ஒருத்தியின் செருப்பு மாட்டியிருந்தது, எறும்பு வேறு வர ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கை அரித்தது.

"ஆளுக்குக் கொஞ்சம் சிமெண்ட்டு எடுத்தாங்க" என்றார் சண்முகம் அண்ணன். முதலில் எழுந்து போனது நான்தான். மாடிப்படிக்கு அடியில் எலி வளை அடைப்பதற்காக வைத்திருந்த அரை மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து சந்தின் நடுவில் போட்டேன். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போது காது சுடுகிறது.

பொழுது சாய்வதற்குள் இருபத்திரண்டு வீட்டு ஜனமும் சேர்ந்து சந்து முழுவதையும் முடித்துவிட்டோம். சிமெண்டைக் கொட்டி, விளக்குமாற்றால் பெருக்கி இடுக்கில் இறக்கி, மேலே தண்ணீர் தெளித்தோம். ஜெயக்கொடி அக்கா குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க வூட்டுக்காகத்தானே அந்த மனுசன் இவ்ளோ பாடுபட்டாரு" என்றார். சண்முகம் அண்ணன் அக்கா மேல் உள்ள மரியாதையில் அவர் வீட்டு வாசல் முன்னால் மட்டும் தானே கரணை பிடித்து, கெட்டியாகக் குழைத்து இரண்டு கை பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாளி சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். சண்முகம் அண்ணன் ஓடிப் போய் மொபெட்டை மறித்தார்.

"மேஸ்திரி, கண்ண மூடுங்க."

"எதுக்குய்யா?"

"மூடுங்கன்னா."

ஒரு கையில் வாளி, ஒரு கையில் காதுகுத்து வீட்டு லட்டுப் பை. கண்ணை மூடிய மேஸ்திரியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சந்து முனையில் நிறுத்தினோம். திறக்கச் சொன்னோம். சந்து வழவழவென்று ஒரே சாம்பல் நிறமாகப் பளபளத்தது.

அவர் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. லட்டுப் பையை என்னிடம் கொடுத்தார். என் கடைக் குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தார். ஊற்றினார். குத்துக்காலிட்டார். விரலை உயர்த்தினார்.

தண்ணீர் ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. ஓர் இடுக்கில்கூட இறங்கவில்லை. சந்து நெடுக, நாங்கள் வரிசையாக நிற்கிற காலடி வழியே, நேராக ஓடி ஜெயக்கொடி அக்கா வாசலில் இறங்கி நிலைப்படியில் போய் முட்டியது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சொல்லாமலே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"யாரு வூட்டு சிமெண்ட்டு?" என்றார் மேஸ்திரி.

நாற்பது கண்ணும் என்னைப் பார்த்தன. சண்முகம் அண்ணனின் கண்ணும் சேர்த்துத்தான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். தெற்கே கருகருவென்று இருந்தது. குனிந்து இடுக்கில் நகத்தை வைத்துக் கீறினார். கொஞ்சம் பொடி வந்தது.

"இன்னும் பச்சையாத்தான் இருக்கு. மழை வர்றதுக்குள்ள நோண்டிடலாம். எல்லாரும் உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். ஸ்க்ரூடிரைவர் இருந்தவர்கள் ஸ்க்ரூடிரைவர் எடுத்தார்கள். இல்லாதவர்கள் தோசைக்கரண்டி, அரிவாள்மனையின் உடைந்த நுனி, சைக்கிள் கம்பி, கொண்டை ஊசி. நான் கடையிலிருந்து ஸ்டேப்ளர் பின் பிடுங்குகிற கருவியை எடுத்து வந்தேன். மேஸ்திரி அதையும் பார்த்தார். ஒருவர் நோண்ட, ஒருவர் பெருக்க, ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக் குழம்பு எந்த வீட்டிலும் கொதிக்கவில்லை. காற்று நின்றுவிட்டது. புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்வை கண்ணில் இறங்கியது. யார் தலையை நிமிர்த்தினாலும் தெற்கேதான் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் கருப்பு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

இரண்டு மணிக்கு முதல் துளி என் கழுத்தில் விழுந்தது. முக்கால் சந்து முடிந்திருந்தது. மேல் சந்திலிருந்து நடுச்சந்தைத் தாண்டியும் இடுக்கு திறந்துவிட்டது. மீதி இருந்தது தாழ்வில் அக்கா வீட்டு வாசல். அங்கேதான் சண்முகம் அண்ணன் மரியாதையாக இரண்டு கை பூசியிருந்தார். அது கருங்கல்லாகிவிட்டது. கொண்டை ஊசி வளைந்தது, ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது.

மழை கொட்டியது. மாடிக் குழாய்கள் எல்லாம் சந்தில் வாயைத் திறந்தன. திறந்த இடுக்குகள் குடிக்கிற மட்டும் குடித்தன, மிச்சம் கீழே ஓடி வந்தது. அக்கா வாசலில் தண்ணீர் சேர்ந்து, நிலைப்படியைப் பிடித்து ஏற ஆரம்பித்தது. உள்ளே மூன்று பேர் கட்டில் காலைப் பிடித்துவிட்டார்கள். முன்பக்க இடது கால் மட்டும் சும்மா இருந்தது. அக்கா ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டே தோளில் போனைச் சாய்த்து, "அண்ணே, வேன் எதாச்சும் கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைய தூக்குறீங்களா, இல்ல இப்புடியே புடிச்சிக்கிட்டு நிக்கப்போறீங்களா?" என்றார் சேகர் அண்ணன். இந்தத் தடவை சிரிப்பதற்கு ஆளில்லை. அவர் குரலிலும் சிரிப்பில்லை.

"மேஸ்திரி, வாங்க, கால் புடிங்க!" என்று சண்முகம் அண்ணன் உள்ளிருந்து கத்தினார்.

மேஸ்திரி அசையவில்லை. "கடப்பாறை எடு" என்றார் என்னிடம்.

எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு கல்லாக மட்டம் பார்த்து, தட்டித் தட்டி, பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி அவர் பதித்ததை நான் என் கடையிலிருந்து இருபது நாள் பார்த்திருக்கிறேன். "மேஸ்திரி, நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. சந்து பேந்து கெடந்தா எல்லாத்தையும் மூடிடுவாங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குத்தானே வர்றாங்க? தண்ணி இப்ப வருது. எடுடி!" என்றார்.

அவர் என்னை 'டி' போட்டது அன்று ஒரு நாள்தான். ஓடினேன். அவர் கணுக்கால் தண்ணீரில் நின்று கடப்பாறையை ஓங்கிப் போட்டார். முதல் கல் வரவில்லை, உடைந்தது. இரண்டாவது கல்லும் உடைந்தது. மூன்றாவது கல் பெயர்ந்தது. நாங்கள் நாலைந்து பேர் கையை விட்டுப் பிடுங்கினோம். நான்காவது, ஐந்தாவது, ஒரு வரிசை, இரண்டு வரிசை. அடியில் அவர் அடுக்கிய ஜல்லி கையில் பட்டது. அங்கே யாருடைய சிமெண்டும் போய்ச் சேரவில்லை.

மேஸ்திரி கடப்பாறையைப் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரிலேயே குத்துக்காலிட்டார். விரலை உயர்த்தினார். கட்டிலைப் பிடித்தவர்கள் பிடித்தபடி நின்றார்கள். அக்கா போனைக் காதிலிருந்து எடுத்தார். நிலைப்படியின் மேல் விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. விளிம்பில் பூசிய மஞ்சள் கரைகிறது. மேஸ்திரியின் விரல் மேலேயே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

கல் பேர்த்த இடத்தில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் நாலைந்து குமிழி. அப்புறம் பெரிய ஆள் தண்ணீர் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று ஒரு சத்தம். மழை அதே வேகத்தில்தான் பெய்துகொண்டிருந்தது. நிலைப்படியில் ஈரக்கோடு மட்டும் மேலே நிற்க, தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது. அப்புறம் இன்னொரு விரற்கடை.

மேஸ்திரி விரலை இறக்கினார். "கட்டில வுடுங்கய்யா. அவன் தூங்கட்டும்" என்றார்.

ஜெயக்கொடி அக்கா பையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். போனில் அவருடைய அண்ணன், வேன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்தார். சந்தின் கடைசியில் பல் விழுந்த வாய் மாதிரி இரண்டு வரிசைக் கல் இல்லை. "என்னம்மா இது?" என்று என்ஜினீயர் அம்மாவைக் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. மேஸ்திரி என் கடைக் குழாய்க்குப் போனார். வாளியை நிரப்பி அதிகாரி கையில் கொடுத்தார்.

"ஊத்துங்க சார்."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். ஷூவைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் இடுக்கில் இறங்கிக் காணாமல் போனது. அவர் குனிந்து பார்த்தார். "இன்னொரு வாளி கொண்டாங்க" என்றார். மூன்றாவது வாளிக்கு அவரே என் கடைக் குழாய்க்கு வந்துவிட்டார். எங்கள் சந்தை யாரும் மூடவில்லை. அடுத்த சந்துக்கும் கையெழுத்தாகிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் சந்து முனையில் 'இடுக்கில் சிமெண்ட் பூசாதீர்' என்று ஒரு போர்டு இருக்கிறது. சொந்தச் செலவில் வைத்தவர் சண்முகம் அண்ணன்.

பேர்த்த கல்லை மேஸ்திரி அந்த வாரமே திரும்பப் பதித்தார். உடைந்த இரண்டு கல்லை மட்டும் மாற்றாமல் அப்படியே ஒட்ட வைத்துப் பதித்துவிட்டுப் போனார். எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவருக்கு நான் 'அரை மூட்டை'தான். "அரை மூட்டை, ரெண்டு காப்பி எடு." "அரை மூட்டை, லேமினேசன் போடு." கடைக்கு வருகிற கஸ்டமர் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் வாய்விட்டுக் கோபப்பட்டிருக்கிறேன், ஒரு தடவை ஜெராக்ஸ் பேப்பரை அவர் மேல் விட்டெறிந்தும் இருக்கிறேன்.

இப்போது அவர் இங்கே இல்லை. முட்டி தேய்ந்துபோய்க் குத்துக்காலிட முடியவில்லை என்று மகள் பெரம்பலூர் பக்கத்துக் குரும்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வாளியும் கூடவே போனது. மாடிப்படி இறங்காமல் முதல் மாடியிலிருந்தே தெருவில் தண்ணீரை ஊற்றிப் பார்க்கிறார், போகிறவர் வருகிறவர் எல்லாம் சண்டைக்கு வருகிறார்கள் என்று மகள் புலம்புகிறாள்.

பெரம்பலூர்ப் பக்கம் மேகம் கூடினால் எனக்குப் போன் வரும். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது.

"அரை மூட்டையா? கட்டில் எங்க இருக்கு?"

"இருந்த எடத்துலதான் மேஸ்திரி இருக்கு."

அவ்வளவுதான், வைத்துவிடுவார். இந்த ஐப்பசியில் முதல் மழைக்கும் அதையேதான் கேட்டார்.

"கட்டில் இருந்த எடத்துல இருக்கு மேஸ்திரி. அண்ணன்தான் அதுல இல்ல. வாக்கர புடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. நீங்க ஒட்டவச்ச கல்லுல தண்ணி எறங்குறத வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விரலை உயர்த்திவிட்டார் போல என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, போன் கட்டாகிவிட்டது.

போன வாரம் நல்ல மழை. பெய்ய ஆரம்பித்துக் கால் மணி நேரமாகியும் போன் வரவில்லை. கடையில் நாலு பேர் காத்திருக்க, மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு நானே குரும்பலூருக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், "மேஸ்திரி, அரை மூட்டை பேசுறேன்" என்றேன்.